எந்தப் பேனாவுக்கு எந்த மை?



"மை வாங்குவதற்கு ஒரு கட்டுரையா? கடைக்குப் போனோமா, நீலமா கறுப்பா என்று சொன்னோமா, காசைக் கொடுத்தோமா, அவ்வளவுதானே?" என்று நீங்கள் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. நானும் அப்படித்தான் இருந்தேன், 2023 டிசம்பர் முதல் வாரம் வரைக்கும்.

அந்த வாரம் மிக்ஜாம் புயல் மழை. எங்கள் வீடு ஓட்டு வீடு. ராத்திரி இரண்டு ஓடு நகர்ந்து, பரண் மேலேயே தண்ணீர் ஊற்றியிருக்கிறது. பரண் மேல் இருந்தவை இரண்டு. ஒன்று, முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த என்னுடைய பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டு. இரண்டாவது, அப்பாவின் தகரப் பெட்டி. அதற்குள் ஒரு பாகப் பத்திரம். 1957இல் எழுதியது. அன்றைக்கு நம்ம திருத்தணி, ஆந்திரப் பிரதேசம் சித்தூர் ஜில்லாவில் ஒரு தாலுகா. ஆகவே பத்திரம் முழுக்கத் தெலுங்கு. என் கொள்ளுத்தாத்தாவும் அவருடைய தம்பியும் நிலத்தைப் பிரித்துக்கொண்ட பத்திரம் அது. எங்களுக்கு இருக்கிற ஒன்றரை ஏக்கருக்கு மூலமே அந்த நாலு காகிதம்தான்.

காலையில் பெட்டியைத் திறந்தபோது அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. பட்டா பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்திருந்த நேரம். "ஜில்லா மாறிப் போச்சு, ஸ்டேட் மாறிப் போச்சு, இதுக்கு நகல் தேடி நான் எந்த ஊருக்குப் போவேன்டா?" என்றார்.

பத்திரத்தை மெதுவாக எடுத்து, வேட்டித் துணி மேல் விரித்தோம். காகிதம் சொதசொதவென்று ஊறியிருந்தது. ஆனால் எழுத்து? ஒரு எழுத்துகூடக் கரையவில்லை! கறுப்பும் பழுப்புமாக, எழுதினபடியே நின்றது.

அடுத்து என் ரெக்கார்டு நோட்டைத் திறந்தேன். பக்கம் பக்கமாக வானம்! வெளிர் நீல வானம். அதில் மேகம் மாதிரி அங்கங்கே திட்டு. ஸ்க்ரூ கேஜ் எங்கே, வெர்னியர் எங்கே, சிம்பிள் பெண்டுலம் எங்கே, ஒன்றும் தெரியவில்லை. பென்சிலில் போட்ட படங்கள் மட்டும், குறிப்பு ஏதுமில்லாமல் அனாதையாக நின்றன.

அறுபத்தாறு வருடம் ஆன எழுத்து நின்றது. ஆறு வாரம் ஆன எழுத்து போச்சு. ஏன்? அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

பேனாவுக்குள் என்ன நடக்கிறது?

முதலில் ஊத்துப் பேனாவைப் புரிந்துகொள்வோம். அதில் பம்பும் இல்லை, வால்வும் இல்லை. நிப்பின் நடுவே ஒரு மெல்லிய பிளவு. நிப்புக்கு அடியில் ஒரு கறுப்புக் கட்டை, நாம் நாக்கு என்போமே, அது. அதில் முடி மாதிரி நுண்ணிய வாய்க்கால்கள். மை இறங்குவது நுண்புழை விசையால். மை வெளியே போகப் போக, அந்த இடத்தை நிரப்ப அதே நாக்கு வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். காற்று போகவில்லை என்றால் மை வராது. அதிகமாகப் போனால் சொட்டும். இந்த இரண்டையும் சமன் செய்கிற நாக்குக்குத்தான் அமெரிக்காவில் லூயிஸ் வாட்டர்மேன் 1884இல் காப்புரிமை பெற்றார்.

ஆக, பேனா மை என்பது வெறும் நிறத் தண்ணீர் இல்லை. அதன் பரப்பு இழுவிசை ரொம்ப அதிகமாக இருந்தால், சேப்பங்கிழங்கு இலை மேல் தண்ணீர் நிற்கிற மாதிரி உருண்டு நிற்கும், நிப்பில் இறங்காது. ரொம்பக் குறைந்தால், காகிதத்தில் பட்டதுமே வேர் விட்ட மாதிரி நாலு பக்கமும் பரவும். அதனால் மை செய்கிறவர்கள் தண்ணீரில் நிறப் பொருளோடு, ஈரப்படுத்த ஒரு பொருள், நிப்பில் சட்டென்று காயாமலிருக்க கிளிசரின் போன்ற ஒன்று, பூஞ்சை பிடிக்காமலிருக்க ஃபீனால் போன்ற ஒன்று என்று கொஞ்சம் கொஞ்சம் சேர்க்கிறார்கள். பழைய மை பாட்டிலைத் திறந்தால் ஆஸ்பத்திரி வாசனை வருமே, அது இந்த ஃபீனால்தான்.

இவையெல்லாம் ஓட்டத்துக்கு. எழுத்து நிற்குமா, கரையுமா என்பதைத் தீர்மானிப்பது நிறப் பொருள். அந்தக் கணக்கில் உலகத்து மைகளை மூன்று குடும்பமாகப் பிரித்துவிடலாம்.

முதல் குடும்பம்: கரி

விளக்குப் புகையைப் பிடித்து எடுத்த கரி. ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிவிட்டு, கீறலில் எழுத்து தெரிய எண்ணெயில் குழைத்துத் தேய்த்தார்களே, அந்தக் கரி. கரி தண்ணீரில் கரையாது, வெயிலில் வெளுக்காது, எதனோடும் லேசில் வினை புரியாது. நிரந்தரத்துக்கு இதை அடிக்க ஆளில்லை.

ஆனால் கரி கரையாது என்பதே பேனாவுக்கு எமன். அது தண்ணீரில் மிதக்கிற தூள். நாக்கின் வாய்க்காலில் தங்கி அடைத்துவிடும். நம்ம டிராயிங் இங்க், அதாவது இந்தியன் இங்க், இந்தக் குடும்பம். அதில் கரியோடு அரக்கும் சேர்ந்திருக்கும். காய்ந்தால் தண்ணீரில் கரையாது. படத்தில் கோடு அழியாமலிருக்க அதுதான் காரணம்.

என் ஹாஸ்டல் நண்பன் ஒருவன், பேர் சொல்ல மாட்டேன், பரீட்சைக்கு முந்தின ராத்திரி மை தீர்ந்துபோக, "இதுவும் கறுப்பு, அதுவும் கறுப்பு" என்று டிராயிங் இங்கை அவன் மாமா கொடுத்த பேனாவில் ஊற்றிவிட்டான். அன்று ராத்திரி முத்து முத்தாக எழுதியது. காலையில் ஹாலுக்குள் போய் மூடியைத் திறந்தால் ஊமை! உதறினான், நாக்கில் தொட்டான், முன்னால் இருந்தவன் சட்டையில்கூட உதறினான். ஒரு பொட்டும் வரவில்லை. கடைசியில் சூப்பர்வைசரிடம் பால்பாயிண்ட் வாங்கி எழுதினான். அரக்கு தண்ணீருக்கு மசியாது, ஸ்பிரிட்டுக்குக் கரையும். ஆனால் ஸ்பிரிட் பல பிளாஸ்டிக் பேனாக்களின் உடம்பையே தின்றுவிடும். மாமா பேனா இன்றைக்கும் அலமாரியில்தான் தூங்குகிறது.

இப்போது ஜப்பான் கம்பெனிகள் கரியை மிக மிக நுண்ணிய தூளாக்கி ஊத்துப் பேனாவுக்கென்றே மை விற்கின்றன. விலை அதிகம். அதையும் பேனாவில் காயவிடக் கூடாது.

இரண்டாம் குடும்பம்: கடுக்காய்

எங்கள் பத்திரத்தைக் காப்பாற்றிய புண்ணியவான் இவர். கடுக்காய், மாசிக்காய் போன்றவற்றில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று நம்ம பக்கத்துத் தோல் ஊர்களில் தோலைப் பதப்படுத்த கடுக்காயைப் பயன்படுத்தியது இந்தத் துவர்ப்புக்காகத்தான். இதோடு அன்னபேதியைச் சேர்த்தால் மை. அன்னபேதி என்றால் பயந்துவிடாதீர்கள். நம்ம கெமிஸ்ட்ரி லேபில் பச்சைப் படிகமாக இருக்கிற ஃபெரஸ் சல்பேட்தான்.

இதன் சூட்சுமம் எங்கே என்றால், பாட்டிலில் இருக்கும்போது இரும்பு ஃபெரஸ் நிலையில், கரைந்து இருக்கிறது. அப்படியே இருக்கத்தான் கொஞ்சம் அமிலமும் சேர்க்கிறார்கள். காகிதத்தில் எழுதியதும் காற்றின் ஆக்சிஜன் பட்டு, இரும்பு ஃபெரிக் நிலைக்கு மாறுகிறது. உடனே கரையாத கறுப்புப் பொருளாகக் காகித நாரின் இடுக்கிலேயே படிந்துவிடுகிறது. பிறகு எத்தனை மழை பெய்தாலும் அது வெளியே வராது. எழுதும்போது வெளிறலாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாதே என்று ஒரு நீலச் சாயத்தையும் கலந்தார்கள். எழுதும்போது நீலம், நாள் ஆக ஆகக் கறுப்பு. புளூ-பிளாக் என்ற பெயர் வந்தது இப்படித்தான்!

பத்திரம், பதிவேடு, பிறப்பு இறப்புக் கணக்கு எல்லாம் இந்த மையில் எழுதியது இதற்காகவே. இங்கிலாந்தில் இதற்கு ரிஜிஸ்ட்ரார் மை என்றே பெயர். நம் நாட்டு ஐ.எஸ். தரக் குறியீடுகளிலும் இந்த இரும்பு மைக்கு ஒன்று, சாய மைக்கு வேறொன்று என்று தனித்தனியாக இருக்கிறது.

குறை இல்லையா? உண்டு. அமிலம், சாதா ஸ்டீல் நிப்பை மெல்ல மெல்ல அரிக்கும். தங்க நிப்பை ஒன்றும் செய்யாது. பேனாவில் மாதக்கணக்கில் விட்டால் உள்ளேயே காற்றுப்பட்டு வண்டல் கட்டும். அமிலம் அளவுக்கு மீறினால் காகிதத்தையே தின்னும். ஜெர்மன் இசைமேதை பாக் கைப்பட எழுதிய இசைத்தாள்கள் சில இப்படித்தான் எழுத்து இருந்த இடமெல்லாம் அரித்துப் போயின.

மூன்றாம் குடும்பம்: சாயம்

இன்றைக்கு ஃபேன்சி ஸ்டோரில் நாம் வாங்குகிற மை பெரும்பாலும் இதுதான். 1856இல் லண்டனில் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் மலேரியாவுக்கு மருந்து செய்யப் போய் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். நம்ம வயசுதான்! அதற்குப் பின்னால் செயற்கைச் சாயங்கள் வரிசையாக வந்தன. சிவப்பு மைக்குப் பேர்போன இயோசின் 1874இல் ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்டது.

சாய மை பேனாவுக்குத் தங்கமான நண்பன். முழுக்கக் கரைந்திருப்பதால் அடைக்காது. அடைத்தாலும் தண்ணீரில் போட்டால் தெளிந்துவிடும். சட்டையில் கொட்டினாலும் துவைத்தால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் எந்தக் குணத்தால் சட்டையிலிருந்து போகிறதோ, அதே குணத்தால்தான் என் ரெக்கார்டு நோட்டிலிருந்தும் போனது. பாட்டிலில் 'வாஷபிள்' என்று போட்டிருந்தது. சலுகை என்று நினைத்து வாங்கினேன். எச்சரிக்கை என்று படித்திருக்க வேண்டும்!

நம் நாட்டு மைக் கதை

ஒரு காலத்தில் மையும் சீமையிலிருந்துதான் வந்தது. சுதேசி இயக்கம் அதையும் விடவில்லை. இன்று கேம்லின் என்று ஜியாமெட்ரி பாக்ஸில் பார்க்கிறோமே, அந்தக் கம்பெனி 1931இல் பம்பாயில் தண்டேகர் என்பவர் குதிரை மார்க் மைத்தூளும் மை வில்லையும் செய்து தொடங்கியது. வில்லையைத் தண்ணீரில் போட்டால் மை ரெடி. வங்காளத்தில் ராஜ்ஷாஹி என்ற ஊரில், அது இப்போது பங்களாதேஷ், 1934இல் மைத்ரா சகோதரர்கள் தொடங்கியது சுலேகா. பிறகு கல்கத்தாவுக்கு வந்து பெரிய கம்பெனி ஆகி, 1980களின் கடைசியில் மூடி, மறுபடி திறந்து, 2020இல் ஊத்துப் பேனா மைகளைத் திரும்பவும் சந்தைக்குக் கொண்டுவந்தது. நம்ம பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பிரில் மை பாட்டிலைப் பார்க்காத பெஞ்சு இருந்திருக்காது.

பேனாவுக்கு நம் பக்கத்து மாநிலமே பெயர் பெற்றது. ராஜமுந்திரியில் ரத்னம் என்பவர் கையாலேயே கடைந்த சுதேசிப் பேனாவைக் காந்திஜி பயன்படுத்திப் பார்த்து, 1935இல் நன்றிக் கடிதம் எழுதினார். கந்தகம் சேர்த்து இறுக்கிய எபனைட் ரப்பரில் கடைந்த பேனா. நம்ம மெக்கானிக்கல் பசங்களுக்கு லேத் என்றால் ஷாஃப்ட் மட்டும்தான் ஞாபகம் வரும். ஒரு பேனாவும் லேத்தில் பிறக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, எதை வாங்குவது?

நிறத்தைக் கேட்காதீர்கள். நாலு கேள்வி கேளுங்கள்.

1. எதுக்கு எழுதுகிறோம்? கிளாஸ் நோட்ஸ், ரஃப் நோட்டுக்குச் சாய மை போதும். பரீட்சைப் பேப்பருக்கு நீலமோ கறுப்போ மட்டும்தான். சிவப்பு, திருத்துகிறவருக்கு, பச்சை, அதிகாரிகளின் கையெழுத்துக்கு என்பது ஊரறிந்த வழக்கம். ரெக்கார்டு நோட்டு, விண்ணப்பம், செக், பத்திரக் கையெழுத்து என்றால் தண்ணீருக்கு அசையாத மை வேண்டும்.

2. எந்தப் பேனா? ஸ்டீல் நிப்பு போட்ட சாதாப் பேனாவுக்குச் சாய மை. இரும்பு மை ஊற்றினால் தினமும் எழுத வேண்டும், மாதம் ஒருமுறை கழுவ வேண்டும். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பேனாவில் அடர் சிவப்பு, ஊதா ஊற்றினால் கறை போகாது. தாத்தா காலத்துப் பேனா என்றால் சாதா நீலத்தைத் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

சொட்டு விட்டு நிரப்புகிற பேனாவுக்கு இன்னொரு சங்கதி. மை பாதிக்குக் கீழே போனதும் குபுக்கென்று கக்குமே, அது மையின் குற்றம் இல்லை, சார்லஸ் விதி. உள்ளே 2 மில்லி காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்கழிக் காலையில் 20 டிகிரியில் இருந்த காற்று, கைச்சூட்டில் 30 டிகிரி ஆனால், 293 கெல்வின் 303 ஆகிறது. பருமன் நூற்றுக்கு 3.4 கூடும். அதாவது 0.07 மில்லி. ஒரு சொட்டுக்கும் மேல்! அந்த அளவு மை வெளியே வந்துதானே ஆக வேண்டும்? ஆகவே பாதி காலியானதும் நிரப்பிவிடுங்கள்.

3. எந்தக் காகிதம்? வழவழப்பான பாண்டு பேப்பர் எந்த மையையும் தாங்கும். சொரசொரப்பான மலிவு நோட்டு மையைக் குடிக்கும்; பின்பக்கம் தெரியும். அதற்கு மெல்லிய நிப்பும், ஓட்டம் குறைந்த மையும் நல்லது.

4. எந்த ஊர்? நம்ம ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும். ஒரு நிமிஷம் மூடியைத் திறந்து வைத்தால் நிப்பு காய்ந்துவிடும். சீக்கிரம் காய்கிற கெட்டி மை இங்கே ஆகாது.

கடையில் புளூ-பிளாக் என்று எழுதியிருந்தாலே இரும்பு மை என்று நம்பிவிடாதீர்கள். இன்று பல கம்பெனிகளின் புளூ-பிளாக் நீலமும் கறுப்பும் கலந்த வெறும் சாயம்தான். சோதிக்கச் சுலப வழி: ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பாதியை டம்ளர் தண்ணீரில் கால் மணி நேரம் தொங்கவிடுங்கள். நனைந்த பாதியில் கறுப்புக் கோடு அப்படியே நின்றால் ரெக்கார்டுக்கு வாங்கலாம். மறைந்துபோனால் ரஃப் நோட்டோடு சரி. நான் இப்போது எந்த மை வாங்கினாலும் முதல் வேலை இதுதான்.

செய்யக்கூடாதவை

இரண்டு கம்பெனி மையைக் கலக்காதீர்கள். ஒன்று அமிலமாகவும் மற்றது காரமாகவும் இருந்தால் சாயம் திரிந்து வண்டலாகிவிடும். பாலில் எலுமிச்சை பிழிந்த கதைதான். மை மாற்றும்போது பேனாவை நன்றாகக் கழுவுங்கள். மை கெட்டியாகிவிட்டது என்று போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். அதிலுள்ள உப்பு படியும். ஊற்றியே ஆகவேண்டும் என்றால் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் நாலு சொட்டு. கழுவ வெதுவெதுப்பான தண்ணீர் போதும், கொதிநீர் வேண்டாம். எபனைட் பேனா நிறம் மாறிவிடும். இரும்பு மை வெள்ளைச் சட்டையில் பட்டால் பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள், துருக் கறையாக நின்றுவிடும். எலுமிச்சையும் உப்பும் தேயுங்கள்.

செய்து பாருங்கள்

நாட்டு மருந்துக் கடையில் ஐந்தாறு கடுக்காயும் கொஞ்சம் அன்னபேதியும் வாங்குங்கள். கடுக்காயைக் கொட்டை நீக்கி இடித்து, ஒரு டம்ளர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டுங்கள். அதில் ஒரு சிறு ஸ்பூன் அன்னபேதியைப் போடுங்கள். மஞ்சளாக இருந்த தண்ணீர் உங்கள் கண் முன்னாலேயே கறுக்கும். பெயிண்ட் பிரஷ்ஷாலோ, தொட்டு எழுதும் நிப்பாலோ எழுதுங்கள். மறுநாள் இன்னும் கறுப்பாகியிருக்கும். இதை மட்டும் தயவுசெய்து ஊத்துப் பேனாவில் ஊற்றாதீர்கள். மாமா பேனாவின் கதியை மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. கண்ணாடிக் குப்பியிலேயே செய்யுங்கள், இரும்புப் பாத்திரம் ஆகாது. வாயில் வைக்காதீர்கள், கையைக் கழுவுங்கள்.

கடைசியாக...

பத்திரம் காய்ந்ததும் அப்பா அதை வெயிலில் காட்டாமல் நிழலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் கறுப்பாக இரண்டு கட்டைவிரல் ரேகை. கொள்ளுத்தாத்தாவுக்கும் அவர் தம்பிக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டுதான். அந்த ரேகையின் ஒவ்வொரு கோடும் எண்ணுகிற மாதிரி இருந்தது. உருட்டி வைக்கிற கைநாட்டு மை கரியும் எண்ணெயும் சேர்ந்தது, முதல் குடும்பம். எழுத்து இரண்டாம் குடும்பம். இரண்டும் நின்றன. 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோதும் அந்தப் பத்திரம் பெட்டியில்தான் இருந்தது. எல்லை மாறியது, மை மாறவில்லை.

"எழுதத் தெரியாதவரு வெச்ச ரேகை அப்படியே இருக்கு. எங்க வம்சத்துலயே முதல்ல டிப்ளமோ படிக்கிறவன் எழுதினது தண்ணியில போச்சு" என்று அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரெக்கார்டை முதலிலிருந்து எழுதினேன், நூற்று நாலு பக்கம். இந்தத் தடவை தண்ணீர் டம்ளர் சோதனையில் பாஸான மையில்.

பட்டா பெயர் மாறிவிட்டது. சர்டிபிகேட் வாங்கப் போகிற மூன்றாம் ஆண்டு நண்பர்களே, நாளைக்கு நீங்களும் சைட்டில் மெஷர்மெண்ட் புக் எழுதுவீர்கள், பில்லில் கையெழுத்துப் போடுவீர்கள், வீட்டுக்குப் பத்திரம் எழுதுவீர்கள். அப்போது பேனாவைத் திறப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த எழுத்து எத்தனை நாள் இருக்க வேண்டும்?

பதில் தெரிந்துவிட்டால், எந்த மை என்று கடைக்காரரைக் கேட்க வேண்டியதே இல்லை.

— மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்